வீடு திரும்பிய பின் வரும் ஒவ்வாமை

சி.டி. ஸ்கேனுக்காக நரம்பில் செலுத்தும் அயோடின் சாய மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும் என்றே பலரும் நம்புகிறார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைப்பதும் அந்த உடனடி ஆபத்துக்காகத்தான். ஆனால், ஒரு மணி நேரம் கழிந்து ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும் தாமத ஒவ்வாமையும் உண்டு. உடனடி வகையில் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தாமத வகையில் பெரும்பாலும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் மெல்லப் பெருகித் தோலைத் தாக்குகின்றன. அதனால்தான் அரிப்பும் சிவந்த தடிப்பும் இரண்டு, மூன்று நாள் கழித்து வருகின்றன. நோயாளியோ சாப்பாட்டைச் சந்தேகிக்கிறார்; உண்மைக் காரணம் எந்தச் சீட்டிலும் பதிவாவதில்லை.

பெரும்பாலும் தானாகவே அடங்கும் தடிப்புக்காக மக்களைப் பயமுறுத்துவானேன் என்று கேட்கலாம். தகவல் இல்லாததே பெரிய பயம். காய்ச்சல், கொப்புளம், வாய்ப்புண், கண் சிவப்பு, முகவீக்கம் ஆகியவை அரிதான கடும் வகையின் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதே நாட்களில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கும் காரணமாகலாமே என்பது நியாயமான கேள்விதான். முடிவைத் தாமதமாகப் பார்க்கும் தோல் பரிசோதனை எது காரணம் என்று பிரித்தறியவும், மாற்றுச் சாயத்தைத் தேர்ந்தெடுக்கவும் உதவும். அதற்குச் செலுத்திய சாயத்தின் பெயர் தெரிய வேண்டும். ‘அயோடின் அலர்ஜி’ என்ற பொத்தாம்பொதுவான குறிப்பு போதாது. ஸ்கேன் அறிக்கையில் சாயத்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதித்தருவது ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமையாக வேண்டும்.