கன்றின் சீரமும் ஃபிரிட்ஜின் விளக்கும்

2021 ஜூனில், கொரோனாவின் இரண்டாம் அலை வடிந்துகொண்டிருந்தபோது, சமூக ஊடகங்களில் ஒரு செய்தி வேகமாகப் பரவியது: கோவாக்சின் தடுப்பூசியில் கன்றுக்குட்டியின் சீரம் கலந்திருக்கிறதாம். மத்திய சுகாதார அமைச்சகம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. வீரோ என்னும் செல்களை வளர்ப்பதற்கு மட்டுமே சீரம் பயன்படுகிறது; வளர்ந்த செல்களைப் பலமுறை கழுவிவிட்டுத்தான் அவற்றில் வைரஸைப் பெருக்குகிறார்கள்; குப்பியில் அடைபடும் மருந்தில் சீரம் கிடையாது என்றார்கள். பேச்சு அத்துடன் அடங்கிவிட்டது. அதைவிடச் சுவையான கேள்வி ஒன்றை யாரும் கேட்கவில்லை. வீரோ செல் குரங்கினுடையது. குரங்குச் செல்லுக்குக் கன்றின் சீரம் எதற்கு?

வீரோ பிறந்தது 1962இல், ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து. எஸ்பெராண்டோ மொழியில் ‘பச்சைச் சிறுநீரகம்’ என்பதைச் சுருக்கி வைத்த பெயர் அது. அம்மொழியில் ‘வீரோ’ என்றால் உண்மை என்றும் பொருள். நம் குன்னூர் பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரித்ததும் இந்தச் செல்களில்தான். அதற்கு முன் இருந்தது செம்மறியாட்டின் மூளையிலிருந்து எடுத்த மருந்து. தொப்புளைச் சுற்றி அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த வலி வழக்கொழிந்ததற்குக் காரணம் பிளாஸ்டிக் குடுவைக்குள் செல்லை வளர்க்கத் தெரிந்துகொண்டதுதான்.

உடம்புக்குள் இருக்கும்வரை செல்லுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. ரத்தம் வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுக் கழிவையும் வாரிக்கொண்டு போய்விடும். பிரித்தெடுத்து வெளியே வைத்தால் அந்த வேலை முழுவதும் ஒரு திரவத்தின் தலையில் விழுகிறது. புத்தகத்தில் அதற்குப் பெயர் வளர்ப்பு ஊடகம். ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வது மீடியா. 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உறைந்த நிணநீர்த் துளியில் வளர்த்துக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் கோழியின் பிளாஸ்மா, கருவைப் பிழிந்த சாறு என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றிப் பார்த்தார்கள். எல்லாம் கண்ணளவு, கையளவுச் சமையல்.

அளவு எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஹாரி ஈகிள். ஒவ்வொரு சத்தாக விலக்கி, எது இல்லாவிட்டால் செல் வாடுகிறது என்று பார்த்துப் பார்த்து, 1959இல் ‘மெம்’ என்ற கலவையை வெளியிட்டார். 13 அமினோ அமிலங்கள், 8 வைட்டமின்கள், குளுக்கோஸ், சில உப்புகள். அவ்வளவுதான். டல்பெக்கோ என்ற விஞ்ஞானி ஈகிளின் கலவையில் அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் பல மடங்கு கூட்டியது ‘டிஎம்இஎம்’ ஆயிற்று. ரத்த வெள்ளணு வகைகளுக்கு விருப்பமான ‘ஆர்பிஎம்ஐ 1640’ அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் நிலையத்தில் உருவானது. பெயரே அந்த நிலையத்தின் முதலெழுத்துகள்தான்.

ஆனால் ஈகிளின் பட்டியலை அப்படியே கலந்து ஊற்றினால் செல் பெருகாது. கூடவே கொஞ்சம் சீரம் வேண்டும்.

சீரம் என்பது ரத்தம் உறைந்து கட்டி ஒதுங்கிய பிறகு தெளிந்து நிற்கும் வைக்கோல் நிற நீர். செல் வளர்ப்பில் பெரும்பாலும் பயன்படுவது பிறக்காத கன்றினுடையது. இறைச்சிக்கூடத்துக்கு வந்த மாடு சினையாக இருந்தால், வயிற்றிலிருக்கும் கன்றின் இதயத்தில் ஊசி செலுத்தி ரத்தம் எடுக்கிறார்கள். எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால், சீரத்தைக் குறைக்க விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதன் ஒரு பாதி புரியாமல் போகும். கருக்கன்றின் ரத்தத்தில் நோயெதிர்ப்புப் புரதங்கள் குறைவு, வளர்ச்சியைத் தூண்டும் பொருட்கள் அதிகம். மீடியாவில் 10 சதவீதம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம்.

மறுபாதிக் காரணம் நடைமுறை சார்ந்தது. சீரத்தில் என்னென்ன இருக்கிறது என்று முழுப் பட்டியல் யாராலும் தர முடியாது. ஒரு தொகுதி மாதிரி இன்னொன்று இருக்காது. அதனால் நல்ல ஆய்வகங்கள் நாலைந்து தொகுதிகளின் மாதிரியை வாங்கிச் சோதித்து, செல்லுக்குப் பிடித்ததை ஓராண்டுக்குச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளும். விலையும் கொஞ்சநஞ்சம் அல்ல. ‘மேட் கவ்’ எனப்படும் பசுப்பித்த நோய் வந்த பிறகு, எந்த நாட்டு மாடு என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் எடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். சீரம் கூட்டுக்குடும்பத்துப் பாட்டி மாதிரி. இன்சுலின் போன்ற தூண்டுபொருட்களைத் தருகிறது, இரும்பைச் சுமந்து வரும் டிரான்ஸ்ஃபெரினைத் தருகிறது, செல் தட்டில் ஒட்டிக்கொள்ளப் பசைப்புரதங்களைத் தருகிறது. இதெல்லாம் வெளியில் தெரியும் வேலை. தெரியாத வேலை அதைவிட அதிகம். தண்ணீரில் தப்பி வந்த உலோகத்தை அதன் ஆல்புமின் பிடித்து வைத்துக்கொள்ளும். கைதவறிக் கூடுதலாக விழுந்த மருந்தின் வீரியத்தைத் தணிக்கும். தட்டிலிருந்து செல்லைப் பெயர்க்கப் போடும் டிரிப்சினை, போதும் என்று அடக்கி வைக்கும். நாம் செய்த தப்புகளை நமக்கே தெரியாமல் திருத்திக்கொண்டிருந்தது சீரம்.

1976இல் கார்டன் சாட்டோவும் அவருடன் பணியாற்றிய ஹயாஷியும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சீரத்தின் முக்கிய வேலை ஹார்மோன்களைத் தருவதுதான். சரியான ஹார்மோன்களைக் கையால் சேர்த்தால் சீரமே இல்லாமல் செல் பெருகும் என்று காட்டினார்கள். இந்த சாட்டோ சுவாரசியமான மனிதர். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் என்பதற்காக இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடும்பத்துடன் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர். முதுமையில் எரித்திரியாவின் செங்கடல் கரைக்குப் போய் அலையாத்திக் காடு வளர்த்தார். திட்டத்துக்கு அந்த முகாமின் பெயரையே வைத்தார். வெறும் கடல்நீரில் அலையாத்தி ஏன் வளர்வதில்லை? நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு போதவில்லை. அந்த மூன்றையும் சிறு பைகளில் கட்டி வேரடியில் புதைத்தார், மரம் வளர்ந்தது. தட்டில் இருக்கும் செல்லிடம் கேட்ட கேள்வியைத்தான் கடற்கரையிலும் கேட்டிருக்கிறார்: உனக்கு என்ன குறைகிறது?

சாட்டோ திறந்த வழியில் பாதித் தூரத்தில் நிற்பவைதான் சீரம் குறைத்த மீடியாக்கள். அடிப்படை பெரும்பாலும் ஈகிள் அல்லது டல்பெக்கோவின் கலவை; அதில் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், நுண்ணளவு உலோகங்கள் ஆகியவற்றைச் சேர்த்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் ‘ஐடிஎஸ்’ கலவையைப் பாருங்கள்: லிட்டருக்கு 10 மில்லிகிராம் இன்சுலின், 5.5 மில்லிகிராம் டிரான்ஸ்ஃபெரின், செலினியம் உப்போ வெறும் 6.7 மைக்ரோகிராம். உப்புக்கல் ஒன்றின் துணுக்கு. ஆனாலும் அந்தத் துணுக்கு இல்லாவிட்டால் செல்லுக்குள் உருவாகும் பெராக்சைடை அழிக்கும் நொதி வேலை செய்யாது. இந்தப் பெராக்சைடை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இவ்வகையில் பலரும் அறிந்தது ‘ஆப்டி-மெம்’. சீரத்தைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்பது அதன் வாக்குறுதி. அதில் இருக்கும் புரதம் லிட்டருக்கு 15 மில்லிகிராம். 10 சதவீத சீரம் சேர்த்த மீடியாவில் புரதம் லிட்டருக்கு மூன்று கிராமாவது இருக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம்! மேலே சொன்ன பாட்டி வீட்டைவிட்டுப் போனதன் அளவு இது.

எதைத் தேர்ந்தெடுப்பது? விளம்பரத் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் செல்லின் பிறப்புச் சீட்டைப் பார்க்க வேண்டும். புணேயின் தேசிய செல் அறிவியல் மையம் போன்ற செல் வங்கிகள் எந்தச் செல் எதில் வளர்ந்தது என்று எழுதித்தான் கொடுக்கும். டிஎம்இஎம்மில் வளர்ந்ததை அதே அடிப்படை கொண்ட சீரம் குறைத்த மீடியாவுக்கு மாற்றுவது எளிது. டிஎம்இஎம்மிலேயே லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் உள்ளதும் உண்டு, 1 கிராம் உள்ளதும் உண்டு. இதைக் கவனிக்காமல் மாற்றிவிட்டு, சீரம் குறைந்ததால் செல் வாடியது என்று பழிபோடுவதைப் பார்த்திருக்கிறேன். குளுட்டமின் சேர்த்த பாட்டிலா, நாமே சேர்க்க வேண்டியதா என்பதையும் லேபிளில் பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்காகக் குறைக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. கொழுப்புத் துளிகளில் டி.என்.ஏ.வைச் சுற்றிச் செல்லுக்குள் அனுப்புபவர்களுக்குச் சீரப் புரதம் இடைஞ்சல். அந்தக் கலவையைத் தயாரிக்க மட்டும் சீரம் குறைத்த மீடியா போதும், செல்லை அதிலேயே குடிவைக்க வேண்டியதில்லை. செல் சுரக்கும் புரதத்தை அளப்பவர்களுக்கோ பின்னணி சுத்தமாக இருப்பதுதான் லாபம். பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மாறுபவர்களிடம் நான் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். சீரத்தில் மிஞ்சுவது மேற்பார்வையில் செலவாகிவிடும்.

மாற்றுவது பால் மறக்கடிப்பது போலத்தான். ஒரே நாளில் நிறுத்தினால் குழந்தை ஊரைக் கூட்டும். 10 சதவீதத்திலிருந்து 5, பிறகு 2.5 என்று, ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று தலைமுறை பழகவிட்டு இறங்க வேண்டும். வழக்கத்தைவிட நெருக்கமாகச் செல்லை விதைக்க வேண்டும். கூட்டமாக இருந்தால் ஒன்றுக்கொன்று துணை. பழைய மீடியாவில் வளர்ந்த செல் ஒரு குப்பி திரவ நைட்ரஜனில் இருக்கட்டும். டிரிப்சினை அடக்கச் சீரம் இல்லாததால் சோயாவிலிருந்து எடுத்த தடுப்பானைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆன்டிபயாடிக் அளவையும் குறைக்க வேண்டும். பழைய அளவு இப்போது நஞ்சாகலாம்.

அடுத்தது சேமிப்பு. நான் சில காலம் இருந்த ஆய்வகத்தில், கடையில் குளிர்பானம் வைத்திருப்பார்களே, அதுபோல் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. உள்ளே இரவும் பகலும் டியூப்லைட் எரியும். மீடியா பாட்டில்கள் தண்ணீர் கலந்த ரோஜா சர்பத் நிறத்தில் வரிசையாக ஜொலிக்கும். வந்தவர்கள் படம் எடுப்பார்கள். நாங்கள் சீரம் குறைத்த மீடியாவுக்கு மாறிய பிறகு செல்கள் காரணமில்லாமல் சுருண்டன. கிருமி இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. தண்ணீரைச் சோதித்தோம், குறையில்லை. பல ஆண்டு அனுபவமுள்ள அக்கா ஒருவர்தான், “விளக்கு எரியுதே தம்பி, அதைப் பார்த்தியா?” என்று கேட்டார்.

மீடியாவில் ரைபோஃப்ளேவின் இருக்கிறது. பாலில் இருக்கும் அதே பி2 வைட்டமின். அது வெளிச்சத்தை உறிஞ்சிக்கொண்டு டிரிப்டோஃபேன் போன்ற அமினோ அமிலங்களைச் சிதைக்கும். அமிலத்தன்மையைச் சமன்படுத்தச் சேர்க்கும் ‘ஹெபிஸ்’ கூட இருந்தால் இன்னும் மோசம். விளைவது ஹைட்ரஜன் பெராக்சைடு. 10 சதவீத சீரம் இருந்த காலத்தில் அதன் பெரும்பகுதியைச் சீரமே வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது செல் தனியாக வாங்கியது. ஃபிரிட்ஜ் மாறவில்லை, விளக்கு மாறவில்லை. மன்னிப்பவர் மட்டும் வீட்டில் இல்லை.

மற்ற விதிகள் எளியவை. திரவ மீடியாவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைய விடக்கூடாது, உறைந்தால் உப்பும் புரதமும் பிரிந்து படியும். உறைய வைக்க வேண்டியது சீரத்தை, மைனஸ் 20இல். தானே பனி கரைத்துக்கொள்ளும் ஃபிரீசர் அதற்கு ஆகாது. சூடும் குளிருமாக மாறிமாறி வரும். சீரத்தை உருக்கும்போது முந்தின இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றி, அவ்வப்போது மெல்லச் சுழற்றிவிட வேண்டும். குளுட்டமின் நிலையற்றது. 37 டிகிரியில் சுமார் ஒரு வாரத்தில் பாதி சிதைந்து, அம்மோனியாவை விட்டுப்போகும். தினமும் முழுப் பாட்டிலையும் வெந்நீர்த் தொட்டியில் சூடாக்கித் திருப்பி வைப்பவர்கள் இதைத்தான் வேகப்படுத்துகிறார்கள். அன்றைக்கு வேண்டியதைச் சிறு குழாயில் ஊற்றி அதை மட்டும் சூடாக்கினால் போதும். எல்லாம் கலந்து முடித்த பாட்டிலுக்கு நாலு முதல் ஆறு வாரம்தான் ஆயுள். திறந்த தேதியை மூடியில் எழுதாத பாட்டிலை நான் நம்புவதில்லை. வளர்ச்சிக் காரணிகள் தனியாக இருந்தால் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். துணைக்குக் கொஞ்சம் ஆல்புமின் போட்டுச் சிறுசிறு குப்பிகளாகப் பிரித்து உறைய வைப்பார்கள், ஒரு குப்பியை ஒருமுறைதான் உருக்குவார்கள்.

பாட்டிலும் பேசும். அந்தச் சிவப்பு நிறம் ஃபீனால் ரெட் என்ற சாயத்துடையது. அமிலமானால் மஞ்சள், காரமானால் ஊதா. பாதி காலியான பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு மேலே வெற்றிடத்துக்குப் போய்விடும். மீடியா காரமாகி ஊதாவுக்குச் சாயும். ஆப்டி-மெம்மில் சாயமே குறைவாகச் சேர்த்திருப்பதால் அது வழக்கமான மீடியாவை விட வெளிறித் தெரியும். புதிதாக வந்தவர்கள் கெட்டுவிட்டதென்று கொட்டப் போவார்கள்.

அக்கா அந்த டியூப்லைட்டைக் கழற்றி எடுத்துவிட்டார். பாட்டில்களுக்கு அலுமினியத் தாளும் சுற்றினார். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவர் ஒருவர், “ஃபிரிட்ஜ்ல லைட் ஃபியூஸ் ஆயிடுச்சு அக்கா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா?” என்று வந்து நிற்பார். அந்த டியூப்லைட் செய்தித்தாளில் சுற்றி அக்காவின் பீரோ மேல் பத்திரமாக இருந்தது.