உபதேசம் செய்யாத பிக்குகள்

ஜப்பானில் கருப்பு அங்கி போட்ட பிக்கு ஒருவர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகளின் முகம் வெளிறிவிடும். அங்கே ஈமச்சடங்குகளைப் பெரும்பாலும் பிக்குகள்தான் நடத்துகிறார்கள். உயிரோடு இருப்பவரைத் தேடி அவர் வருவது, நம் தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்பது மாதிரி. நீகாட்டா மாகாணத்தின் நாகவோகா நிஷி ஆஸ்பத்திரியில் 1992-இல் புத்தர் சந்நிதியோடு 'விஹாரா' வார்டு தொடங்கினார்கள். ஆனால் அப்படிப்பட்ட வார்டுகள் அபூர்வம்.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு நிலைமை மாறியது. மியாகி மாகாணத்தில் கனேட்டா தைஓ என்ற ஜென் பிக்கு, சின்ன லாரியில் காபியும் கேக்கும் ஏற்றிக்கொண்டு, வீடிழந்தவர்களின் குடியிருப்புகளுக்குப் போனார். 'கஃபே டி மாங்க்' என்று அதற்குப் பெயர். பின்னணியில் தெலோனியஸ் மாங்க்கின் ஜாஸ் ஒலிக்கும். வந்தவர்கள் களிமண்ணில் உள்ளங்கை அளவு ஜிஸோ உருவம் பிடிப்பார்கள். இறந்த குழந்தைகளுக்குத் துணை என்று அங்கே நம்பப்படும் போதிசத்துவர் அவர். கை மண்ணைப் பிசையப் பிசைய, அதுவரை வாய்விட்டு அழாதவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

அதே மாகாணத்தில் புற்றுநோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனித்துவந்தவர் டாக்டர் ஒகாபே தகேஷி. அந்த நோய் அவருக்கே வந்தபோது, சாவை நோக்கி நடப்பவருக்கு வழித்துணையாக மருத்துவத்தில் எதுவும் இல்லை என்பதை உணர்ந்தார். அவர் தந்த உந்துதலில் டோஹோக்கு பல்கலைக்கழகம் 2012-இல், நோயாளிகளுக்கும் துயரத்தில் இருப்பவர்களுக்கும் துணைநிற்க மதகுருமார்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார்.

பௌத்தர், ஷின்டோ பூசாரி, கிறிஸ்தவப் போதகர் எல்லோருக்கும் ஒரே வகுப்பு. மதம் பரப்பக் கூடாது என்பது கண்டிப்பான விதி. நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து வரிவரியாக எழுதி, மற்றவர்கள் முன் அலச வேண்டும். சங்கடமே அங்கேதான். "செத்தா நான் எங்கே போவேன் சாமி?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குருவுக்குச் சூத்திரமோ வேத வசனமோ நுனிநாக்கில் நிற்கும். சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், என்றோ போய்ச்சேர்ந்த அம்மாவைப் பற்றி அவர் பேசக்கூடும். பதிலே கூடாது என்பதில்லை; அவசரப் பதில் பெரும்பாலும் சொல்பவரின் பயத்தைத்தான் தணிக்கிறது.

இத்தகைய பயிற்சிக்கு வித்திட்டவர் அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன். 1925-இல் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் மனநல மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். அதற்கு முன் அவரே மனநோயாளியாகச் சிகிச்சை பெற்றவர்.

ஜப்பானில் 2018 முதல் இந்தப் பணிக்குச் சான்றிதழும் தருகிறார்கள். ஆனால் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் சொற்பம். பலர் கோயில் வேலை முடிந்த நேரத்தில், கைக்காசு செலவழித்துத்தான் வந்து போகிறார்கள்.