பழைய பெட்டிக்குள் பூட்டிய தமிழ்

சேலம் மாவட்டத்தில் ஜலகண்டாபுரம் மாதிரித் தறிச்சத்தம் ஓயாத ஊர்களில், கல்யாணப் பத்திரிகையோ கோயில் பண்டிகை நோட்டீசோ அடிக்க வேண்டுமென்றால் டி.டி.பி. கடைக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டின் சிற்றூர்க் கடைகள் பலவற்றில் அந்த மேட்டரைக் கோர்த்துக் கொடுப்பது பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள். அடோபி நிறுவனம் அதன் 7.0 பதிப்பை 2001இல் வெளியிட்டது. அதோடு பேஜ்மேக்கரின் கதை முடிந்தது. கடைக்குப் புதிதாக வாங்கும் கம்ப்யூட்டரில் வருவதோ விண்டோஸ் 11. “இன்னுமா இதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறீர்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்காரர் செய்வது பிடிவாதம் அல்ல, கணக்கு என்பதே என் கட்சி. கை பழகிய மென்பொருள், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக்கள், இருபது வருஷத்து மேட்டர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு மட்டும் எழுதப்படாமல் நிற்கிறது.

பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடவே ஓடாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. பேஜ்மேக்கர் 32 பிட் மென்பொருள். கொஞ்சம் மல்லுக்கட்டினால் இன்றைய கணினியிலும் திறந்துகொள்ளும். வலது கிளிக் செய்து ‘விண்டோஸ் எக்ஸ்பி’ பொருத்தப் பயன்முறையைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் அந்த மென்பொருளிடம் “நீ இருப்பது எக்ஸ்பியில்தான்” என்று ஒரு பொய் சொல்கிறது. பல சமயம் அந்தப் பொய்யே போதும். போதாத இடங்கள் மூன்று. டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருள்களையும் 16 பிட் நிறுவிகளையும் 64 பிட் விண்டோஸ் ஏற்காது. 2021இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. மூன்றாவது, பிரிண்டர் போர்ட்டில் செருகும் ‘லாக்’. தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் பலவும் அந்தக் காலத்தில் இப்படிப் பூட்டோடுதான் விற்கப்பட்டன. புதிய கணினியில் அதைச் செருக ஓட்டையே இல்லை!

இவ்வளவும் மென்பொருளின் பாடு. தமிழுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு என்னும் பொதுக் குறியாக்கம் தெரியாது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஆங்கில விசைப்பலகையின் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகள்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது எழுத்துரு. அது இல்லாத கணினியில் அதே கோப்பு வெறும் ஆங்கிலக் குப்பை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்த அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் தரங்களைக் கொண்டுவந்தது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. அரசாணை வந்தது, ஆனால் கடையின் ஹார்டு டிஸ்கில் கிடப்பவை தாமாக மாறிவிடவில்லை. அவற்றை மாற்றும் வேலைதான் நான் சொன்ன எழுதாத செலவு. பேஜ்மேக்கரை உயிரோடு வைத்திருப்பதாலேயே அந்த மேட்டர்கள் பிழைத்துவிடாது.

“ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்?” என்பது நியாயமான கேள்வி. பிரிக்க வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை இலவசமாகப் பெறலாம். புதிய கணினிக்குள்ளேயே ஒரு பாவனைக் கணினியை அது உண்டாக்கித் தரும். கையில் இருக்கும் பழைய எக்ஸ்பியை அதற்குள் நிறுவி, இணைய இணைப்பை மட்டும் துண்டித்துவிட வேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுபோனது. பத்திரிகை கோர்க்க இணையம் எதற்கு? புதிய மென்பொருளுக்கு ஆகும் செலவைச் சொல்பவர்களுக்கும் வழி உண்டு: யூனிகோடு அறிந்த ஸ்கிரைபஸ் காசில்லாமல் கிடைக்கிறது. பழக நாளாகும், அதை மறுப்பதற்கில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று: பழைய மேட்டரை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருள்களில் போட்டால் அது கெட்டுப்போகிறது என்பது. உண்மைதான். பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பார்கள்: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு க-வை முன்னே வைத்து, ஒகரக் குறியைப் பின்னே சேர்க்கும். இந்த வரிசை மாற்றத்தை மாற்றி மென்பொருள் ஒழுங்காகவே செய்துவிடும். தடுமாறுவது ஔகாரத்தில். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. ஆகவே ‘கௌரி’யில் இருப்பது ஔகாரமா, கொம்பு போட்ட க-வும் தனி ள-வுமா என்று கோப்பில் எந்தத் தடயமும் இல்லை. இணையத்தில் ‘கெளரி’களும் ‘மெளனம்’களும் மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சௌந்தரராஜனுக்கும் கௌசல்யாவுக்கும் கல்யாணம் என்றால் மாற்றியை நம்பி அச்சுக்குக் கொடுக்க முடியாது. ஒரு ஆள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும். அந்த மேட்டரை முதலில் அடித்தவரே இன்னும் கடையில் இருக்கிறார் என்றால், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் வேலை அது.