வெந்நீர்க் கலனும் அதன் பழுதுகளும்

முன்பெல்லாம் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் செம்பாலான வெந்நீர் பாய்லர் ஒன்று நின்றிருக்கும். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழல் செல்லும். குழலுக்குள் கரியோ விறகுச் சிராயோ எரியும்; குழலைச் சூழ்ந்த நீர் சூடேறும்; அடியில் சாம்பல் உதிரும். அதில் நேரும் குறைகள் யாவும் கண்ணுக்குத் தெரிந்தவை. தீ அணைந்தால் புகையே சொல்லிவிடும். ஓட்டை விழுந்தால் தரை நனையும். இன்று அதன் இடத்தைக் குளியலறைச் சுவரில் உயரத் தொங்கும் ஒரு வெள்ளை உருளை பிடித்துக்கொண்டது. ‘கீசர்’ என்று நாம் வழங்கும் பெயர் ஐஸ்லாந்து நாட்டிலுள்ள பீறிட்டெழும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. பெயர் பீறிடுவதைக் குறித்தாலும் கலன் அமைதியாகவே இருக்கிறது. உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரிவதில்லை. ஆகவே அதன் பழுதைக் காண்பதற்குக் கண்ணைவிட ஊகமே மிகுதியாகத் துணை செய்கிறது.

எரிவளியால் இயங்கும் கீசர்களும் உண்டு. அவற்றின் முதன்மையான ஆபத்து வேறு வகையினது. காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவளி எரியும்போது உயிர்வளி குறைந்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. குளிப்பவர் மூச்சுத் திணறலைக்கூட உணராமல் மயங்கி விழக்கூடும். எனவே அக்கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்று உலவும் இடத்தில்தான் பொருத்த வேண்டும். இக்கட்டுரை மின்சாரத்தால் இயங்கும் சேமிப்புக் கலனைப் பற்றியது.

உள்ளமைப்பு

வெளிக்கூட்டுக்கும் உள்ளே இருக்கும் எஃகுத் தொட்டிக்கும் இடையே வெப்பம் வெளியேறாதபடி நுரைப்பொருள் நிரப்பப்பட்டிருக்கும். நீல வளையம் இட்ட குழாய் குளிர்நீரைத் தொட்டியின் அடியில் விடுகிறது. சிவப்பு வளையம் இட்ட குழாயோ தொட்டிக்குள் உயரச் சென்று உச்சியிலுள்ள வெந்நீரை எடுத்து வருகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே நிற்பதால் இந்த ஏற்பாடு. குழாய்ப் பணியாளர் கவனமின்றி இவ்விரண்டையும் மாற்றி இணைத்துவிட்டால், குளிர்நீர் உச்சியில் விழுந்து வெந்நீரோடு கலக்கும். ஒரு வாளி நிறைவதற்குள் நீர் வெதுவெதுப்பாகிவிடும். கலனில் பழுதே இல்லாமல் பழுதென்று எண்ணப்படும் நிலைகளுள் இதுவும் ஒன்று.

தொட்டியின் அடியில் சூடாக்கும் சுருள் உள்ளது. நிக்கல், குரோமியம் ஆகியவற்றின் கலவையான நிக்ரோம் கம்பி ஓர் உலோகக் குழலின் நடுவே செல்ல, சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக நிரப்பப்பட்டிருக்கும். அத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. நீர் வேண்டிய அளவு சூடானதும் மின்சாரத்தை நிறுத்துவது வெப்பக்கட்டுப்படுத்தி, அதாவது தெர்மோஸ்டாட். அது தவறினால் காப்பதற்கு ‘கட்-அவுட்’ எனப்படும் வெப்பத் துண்டிப்பான் உண்டு. அழுத்தம் மிகுந்தால் திறந்து நீரை வெளிவிடுவதற்குப் பாதுகாப்பு வால்வும் உண்டு.

நீர் சூடாகாதபோது

மூடியைத் திறக்கும் முன் விளக்குகளைப் பார்க்க வேண்டும். பல கலன்களில் இரண்டு விளக்குகள் இருக்கும். ஒன்று மின்சாரம் வந்திருப்பதையும், மற்றொன்று நீர் சூடாகிக்கொண்டிருப்பதையும் காட்டும். இரண்டுமே எரியாவிட்டால் குறை பெரும்பாலும் கலனுக்கு வெளியே, செருகுவாயிலோ சுவிட்சிலோ இருக்கும். 2000 வாட் சுருள் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. செருகி தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும். கருகிய செருகுவாயைத் துடைத்துவிட்டு மீண்டும் பயன்படுத்துவது கூடாது, மாற்ற வேண்டும்.

முதல் விளக்கு எரிந்து இரண்டாவது எரியாவிட்டால், வெப்பக்கட்டுப்படுத்தியோ துண்டிப்பானோ சுற்றைத் திறந்து வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டும் எரிந்தும் நீர் குளிர்ந்தே இருந்தால் சுருள் அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி; ஏனெனில் இரண்டாவது விளக்கு பெரும்பாலும் சுருளுக்குப் பக்க இணைப்பாக அமைந்திருக்கும். இதனை உறுதி செய்ய ஓம் விதியே போதும். 230 இன் இருமடியை 2000ஆல் வகுத்தால் சுருளின் மின்தடை ஏறத்தாழ 26 ஓம். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, சுருளின் இணைப்புக் கம்பிகளைக் கழற்றிய பின் மின்பணியாளர் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்கும்போது அவ்வளவு காட்டினால் சுருள் நலமாக உள்ளது. எண் எதுவும் காட்டாமல் திறந்த சுற்று என்று காட்டினால் அறுந்துவிட்டது.

துண்டிப்பானில் மீண்டும் அழுத்திவிடக்கூடிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அதனை அழுத்தியதும் கலன் இயங்கத் தொடங்கும். வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது ஏன் துண்டித்தது என்ற வினா அப்படியே நிற்கிறது. வெப்பக்கட்டுப்படுத்தி தன் கடமையில் தவறியதால்தான் துண்டிப்பான் தலையிட்டது. ஒருமுறைக்கு மேல் அது துண்டித்தால் வெப்பக்கட்டுப்படுத்தியை மாற்றுவதே தக்கது.

நீர் சூடாகிறது, ஆனால் மெல்ல என்பது மற்றொரு குறை. இங்கும் ஒரு சிறு கணக்கு உதவும். 15 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியசிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 2205 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 2000 வாட் சுருள் நொடிக்கு 2 கிலோ ஜூல் தருவதால் 18 நிமிடங்கள் ஆகும். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகத் தாழ்ந்தால் சுருளின் திறன் 1225 வாட்டாகக் குறைந்து, அதே வேலைக்கு 30 நிமிடங்கள் ஆகும். எல்லோரும் விளக்கும் மோட்டாரும் போடும் வேளையில் மட்டும் நீர் மெல்லச் சூடானால் கலனைக் குறை கூறுவதில் பொருளில்லை.

உப்பின் வேலை

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் பழுதுகளுக்கு வேர் பெரும்பாலும் உப்பே. நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகச் சுருளின்மீது படிகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறம் வெண்மையாகப் பொருக்குத் தட்டுவதும் இதனால்தான். செம்போடு ஒப்பிட்டால் இப்படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

படிவு வெப்பத்தைத் தின்றுவிடுகிறது என்று சிலர் சொல்வர். அது முழு உண்மையன்று. நீருக்குள் மூழ்கிய சுருளின் வெப்பத்துக்கு நீரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. பிந்தினாலும் அது நீரையே சேரும். கேடு வேறிடத்தில் நிகழ்கிறது. படிவைத் தாண்டி வெப்பத்தை வெளியே தள்ளுவதற்குச் சுருள் முன்னைவிட மிகுதியாகச் சூடாக வேண்டியிருக்கிறது. அதனால் உலோகக் குழல் நாளடைவில் வெடிக்கிறது. படிவின் அடியில் சிக்கிய நீர் ஆவியாகிக் குமிழிட்டு உடைவதால் கலனுக்குள் கடகடவென்றோ உறுமுவது போன்றோ ஒலி எழும். இவ்வொலி கேட்டால் சுருளைக் கழற்றித் தூய்மை செய்யும் காலம் வந்துவிட்டது என்பது பொருள்.

செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கிய வழக்கத்தின் பின்னால் உள்ள வேதியியலே இங்கும் துணையாகிறது. கழற்றிய சுருளை வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்தால் படிவு நுரைத்துக் கரையும். நுரைப்பது கார்பன் டைஆக்சைடு. சுத்தியலால் தட்டுவதோ, கழிவறை கழுவும் வீரியமிக்க அமிலத்தை ஊற்றுவதோ உலோகத்தையே கெடுத்துவிடும். நீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு விரைவாக உப்புப் படியுமாதலால், கட்டுப்படுத்தியின் திருகை உச்சத்தில் வைக்காமல் 60 டிகிரியளவில் வைப்பது நன்று.

சொட்டும் வால்வு

பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டதும் பழுது என்று கருதி அதன் வாயை மரக்கட்டையாலோ மூடியாலோ அடைத்துவிடுவோர் உண்டு. இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது நீரின் பருமன் 1.4 விழுக்காடு அளவுக்கு விரிகிறது. 15 லிட்டர் கலனில் அது ஏறத்தாழ 200 மில்லி லிட்டர், அதாவது ஒரு தம்ளர் நீர். உள்வரும் நீர் திரும்பிச் செல்லாதபடி வால்வு தடுப்பதால், விரிந்த நீருக்கு வெளியேற அவ்வழி ஒன்றுதான் இருக்கிறது. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வு தன் பணியைச் செய்கிறது.

குளிர்ந்த நிலையிலும் இடைவிடாமல் சொட்டினால் அதனை ஆராய வேண்டும். வால்வின் அமர்விடத்தில் உப்புத் துகள் சிக்கியிருக்கலாம். அல்லது வரும் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கலாம். பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். எனவே அடுக்குமாடியின் கீழ்த்தளங்களில் உள்ள கலன்கள் மேல்தளக் கலன்களைவிட மிகுந்த அழுத்தத்தைத் தாங்குகின்றன. அங்கே அழுத்தக்குறைப்பு வால்வு பொருத்துவதே தீர்வு.

அடைக்கப்பட்ட வால்வோடு வெப்பக்கட்டுப்படுத்தியும் துண்டிப்பானும் பழுதானால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் அழுத்தத்தின்கீழ் நீராகவே இருக்கும். தொட்டி விரிசல் விட்ட நொடியில் அதில் ஒரு பகுதி ஒரே வீச்சில் ஆவியாகும். ஆவியாக மாறும் ஒவ்வொரு லிட்டர் நீரும் 1600 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தைக் கேட்கும். கலன் வெடிப்பது இப்படித்தான்.

துருவும் தொட்டியும்

வெந்நீர்க் குழாயில் மட்டும் செந்நிற நீர் வந்தால் தொட்டி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இதனைத் தடுப்பதற்கென்றே தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். எஃகைவிட எளிதில் அரிக்கப்படும் மெக்னீசியம், தான் கரைந்து எஃகைக் காக்கிறது. 1824ஆம் ஆண்டு ஹம்ப்ரி டேவி இம்முறையைப் பிரித்தானியப் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளுக்குப் பரிந்துரைத்தார். செம்பு அரிக்கப்படவில்லை, ஆனால் கரையும் செம்பின் நஞ்சு இல்லாமற்போகவே கடற்பாசியும் கொட்டலசும் கப்பலில் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்தன. கப்பலுக்கு ஒவ்வாத அம்முறை வெந்நீர்த் தொட்டிக்கு நன்கு பொருந்திவிட்டது. சுருளைத் தூய்மை செய்யும்போதே தண்டையும் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். தொட்டியே ஓட்டையாகிவிட்டால் ஒட்டுப்போடுவது நிலைக்காது. கலனை மாற்றுவதன்றி வழியில்லை.

மின்கசிவு

குழாயைத் தொடும்போது சுருக்கென்று உணர்ந்தால் உடனே விலகி, ஈரமில்லாத இடத்திலிருந்து முதன்மைச் சுவிட்சை அணைக்க வேண்டும். வெடித்த சுருளின் வழியே நீர் புகுந்து மெக்னீசியம் ஆக்சைடு ஈரமானால் மின்சாரம் தொட்டியின் உடலுக்குக் கசியும். புவித்தொடுப்புக் கம்பி சரியாக இருந்தால் அக்கசிவு அதன் வழியே மண்ணைச் சேரும். அது இல்லையெனில் குளிப்பவரின் உடலே வழியாகிவிடும். மண்ணுக்குள் புதைந்து சென்ற பழைய இரும்புக் குழாய்கள் தற்செயலாகவேனும் ஓரளவு புவித்தொடுப்பு அளித்தன. நெகிழிக் குழாய்களுக்கு மாறிய பின் அந்தத் தற்செயல் உதவியும் இல்லை. மூன்று முனைச் செருகியில் தடித்து நீண்டிருக்கும் முனை புவித்தொடுப்புக்குரியது. மற்றவற்றுக்கு முன்பாக அது இணைய வேண்டும் என்பதற்காகவே நீளமாக அமைந்தது. அம்முனையை வெட்டியோ, இரண்டு கம்பிகளைச் செருகியோ கலனை இயக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

16 ஆம்பியர் மின்சுற்று முறிப்பான் இக்கசிவை அறியாது. இதயத்தின் இயக்கத்தைக் குலைப்பதற்கு அதில் ஐந்நூறில் ஒரு பங்கு போன்ற சிறு மின்னோட்டமே போதும். இதற்கென உள்ளது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின்துண்டிப்பான். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் சுற்றைத் துண்டித்துவிடும். கீசரைப் போட்டால் வீடே இருள்கிறது என்று முறையிட்டு, அக்கருவியையே விலக்கிவிடச் சொல்வோரும் இருக்கின்றனர். கலனின் செருகியைக் கழற்றிய பின் துண்டிப்பு நின்றுவிட்டால் குறை கலனில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது சுருளை. துண்டிப்பானின் முகத்தில் சோதனைக்கென ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதனை அழுத்தினால் சுற்று உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அன்றே மின்பணியாளரை அழைத்து மாற்றிவிட்டு, அதன் பின்னரே கீசரைப் பயன்படுத்த வேண்டும்.