கார்பெட்டைச் சுருட்டும் அமெரிக்கா

ஹாலிவுட் படங்களில் கவனித்திருப்பீர்கள். காலணியோடு வீட்டுக்குள் நுழைவார்கள். அடுத்த காட்சியில் குழந்தை அதே தரையில் உருண்டு விளையாடும். சுவர் முதல் சுவர் வரை கார்பெட்! "இதையெல்லாம் எப்படித்தான் கழுவுவார்களோ?" என்று நம் அம்மாக்கள் கேட்பதுண்டு. இப்போது அமெரிக்கர்களே அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே விற்பனையாகும் தரைப்பொருள்களில் கார்பெட்டின் பங்கு இன்று பாதிக்கும் கீழே.

இந்த மோகம் எப்படி வந்தது? ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்றோர் ஊர். 1895 வாக்கில் கேத்தரின் எவன்ஸ் என்ற பதின்ம வயதுப் பெண், துணியில் நூலைக் கோத்து, நுனியை வெட்டிவிட்டு, குஞ்சம் குஞ்சமாக நிற்கும் படுக்கை விரிப்பைத் தைத்தார். 1900இல் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார். பிறகு அந்தக் கைவேலையை இயந்திரம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே முறையில் கார்பெட் தயாரானது. கம்பளிக்குப் பதில் நைலான் வந்தது. விலை இறங்கியது. பணக்காரர் வீட்டுப் பொருள் நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டுப்படியானது. டால்டனுக்கு 'உலகின் கார்பெட் தலைநகரம்' என்ற பெயரும் கிடைத்தது.

அந்த வேகத்தில் அருமையான ஓக் மரத்தரையையும் பலர் மூடிவிட்டார்கள். இன்று அதே வீடுகளை வாங்கும் இளையோர், கார்பெட்டைப் பிய்த்து அந்த மரத்தை மெருகேற்றுகிறார்கள். மரத்துக்கு வசதி இல்லாதவர்கள் மரம்போலவே அச்சிட்ட வினைல் பலகைகளைப் பதிக்கிறார்கள். தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாம். நாய், பூனை முடியும் தூசியும் இழைக்குள் புகுந்து தங்குவதில்லை. ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ள வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி.

அதற்காகக் கார்பெட் தோற்றுவிட்டதா? இல்லை. பனிக்காலக் காலையில் வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதனால்தான் படுக்கையறையை விட்டு அது இன்னும் போகவில்லை. சத்தத்தையும் அது விழுங்கும். நியூயார்க் அடுக்குமாடி வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில், தரையின் 80 விழுக்காட்டை விரிப்பால் மூட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கீழ்வீட்டுக்காரர் தூங்க வேண்டுமே!

ஆனால், விலைச்சீட்டில் ஏறாத கணக்கு ஒன்று இருக்கிறது. கறை ஒட்டாமல் இருக்கக் கார்பெட்டில் பூசப்பட்ட பிஃபாஸ் வகை ரசாயனங்கள் எளிதில் அழியாதவை. அவை ஆலைக் கழிவோடு ஆற்றில் கலந்து தங்கள் குடிநீரைக் கெடுத்துவிட்டன என்று, டால்டனுக்குக் கீழே ஆற்றோரம் உள்ள ரோம் நகரம் வழக்குத் தொடுத்தது. பெரிய ஆலைகள் அந்தப் பூச்சைக் கைவிட்டாலும், ஆற்றில் கலந்தது கலந்ததுதான். வினைலும் பிளாஸ்டிக்தான், அதுவும் ஒருநாள் குப்பைமேட்டுக்குப் போகும். தரையை அடிக்கடி மாற்றாமல் நீண்ட நாள் வைத்திருப்பதே பணத்துக்கும் மண்ணுக்கும் நல்லது.

படிப்புக்கோ வேலைக்கோ அமெரிக்கா போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: வாடகை வீட்டில் குடிபுகும் அன்றே கார்பெட்டில் இருக்கும் கறைகளைக் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். காலி செய்யும்போது, யாரோ சிந்திய காப்பிக்கு உங்கள் வைப்புத்தொகையிலிருந்து பணம் போகக்கூடாது, இல்லையா?