சென்னை ஸ்லோ இல்லை, பஃபர்தான் சின்னது

இந்தக் கிழமை எபிசோடில நெட்வேர்க் பஃபர் பற்றிக் கதைக்கேக்க ஒரு சென்னைக் கதையைத் தொடங்கிட்டு, நேரம் போதாமல் பாதியில விட்டிட்டம். மிச்சம் இங்க.

2025 ஜனவரி. லண்டனில ஒரு இடத்தில கொன்ட்ராக்ட் வேலை. டொக்லாண்ட்ஸில இருக்கிற ஃப்ரீபிஎஸ்டி சேர்வரில இருந்து ஒவ்வொரு இரவும் 400 ஜிபி டேட்டா சென்னை ஒஃபிஸுக்குப் போகவேணும். அங்கயும் ஃப்ரீபிஎஸ்டிதான். ரெண்டு பக்கமும் 1 ஜிபிபிஎஸ் லைன் இருந்தும், கிடைச்சது வெறும் 120 எம்பிபிஎஸ். இரவு 10 மணிக்குத் தொடங்கினால் முடியிறதுக்கு ஏழரை மணித்தியாலம். அப்ப சென்னையில காலமை 11 மணி.

மீட்டிங்கில சொன்ன விளக்கம் இதுதான்: லண்டனுக்குள்ள ரெண்டு மெஷினுக்கு இடையில கொப்பி பண்ணினால் ஃபுல் ஸ்பீட் வருது, அப்ப பிழை சென்னைப் பக்கம்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். ஒரு தமிழன் எண்டாலும் "இந்தியா நெட்வேர்க்தானே" எண்ட நினைப்பு எனக்குள்ளயும் இருந்தது.

அங்க இருக்கிற அட்மின் தம்பியோட தமிழில கதைச்சபோதுதான் மற்றப் பக்கம் தெரிஞ்சது. "அண்ணா, டேட்டா வர்ற வரைக்கும் காலையில சும்மா உக்காந்திருக்கோம். அப்புறம் ராத்திரி ஒன்பது வரைக்கும் வேலை. ஆனா ரிப்போர்ட்ல நாங்கதான் லேட்டு."

பிங் அடிச்சன். 140 மில்லிசெக்கன். லண்டனில இருந்து சென்னை நேர்கோட்டிலயே சுமார் 8,200 கி.மீ. ஒளி ஃபைபருக்குள்ள செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ.தான் ஓடும். போய்வரக் குறைஞ்சது 82 மில்லிசெக்கன் வேணும். கேபிளோ மத்தியதரைக்கடல், எகிப்து, செங்கடல் எண்டு சுத்திப் போகுது. இதில சென்னையைக் குற்றம் சொல்ல என்ன இருக்கு?

அம்மா ஊருக்குச் சாமான் பெட்டி அனுப்புறதை நினையுங்கோ. "வந்திட்டுது" எண்டு ஃபோன் வரும்வரை அடுத்ததை அனுப்பமாட்டா. டிசிபியும் அந்த மாதிரித்தான். பதில் வராத டேட்டாவின்ர கொப்பியை அனுப்புற பக்கம் தன்ர பஃபரில வச்சிருக்கும். பஃபர் நிரம்பினால் நிண்டு பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். லைன் காலியாக் கிடக்கும்.

கணக்கு சிம்பிள். 1 ஜிபிபிஎஸ், பெருக்கல் 0.14 செக்கன், பிரித்தல் 8. வருவது 17.5 எம்பி. லைன் நிரம்ப அவ்வளவு டேட்டா வழியில இருக்கவேணும். ஆனால் ஃப்ரீபிஎஸ்டியின்ர டிஃபோல்ட் உச்ச அளவு 2 எம்பி. 2 எம்பியை 0.14ஆல் பிரிச்சால் கிட்டத்தட்ட 120 எம்பிபிஎஸ்! லண்டனுக்குள்ள பிங் 1 மில்லிசெக்கனுக்கும் குறைவு, அங்க 2 எம்பி தாராளம். சென்னைக்கு எதிராக் காட்டின சாட்சி உண்மையில ஒண்டையும் நிரூபிக்கேல்ல.

சிஸ்சிடிஎல்லில லண்டன் பக்கம் சென்ட்பஃப்_மேக்ஸ், சென்னைப் பக்கம் ரெக்விபஃப்_மேக்ஸ், ரெண்டையும் 32 எம்பி ஆக்கினம். மேக்ஸ்சாக்பஃப் அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கவேணும், இல்லாட்டி மற்ற ரெண்டும் முழுசா வேலை செய்யாது. கனபேர் தடக்குற இடம் அது. லினக்ஸ் ஆக்கள் டிசிபி_ஆர்மெம், டிசிபி_டபிள்யூமெம் ரெண்டிலயும் மூண்டாவது எண்ணைப் பாருங்கோ.

ஐபெர்ஃப்3 டெஸ்டில ஸ்பீட் ஏறிச்சுது. கொப்பி மட்டும் அதே 120! அரை நாள் தலையைப் பிய்ச்ச பிறகு பிடிபட்டது: நாங்கள் பாவிச்சது ஆர்சிங்க், எஸ்எஸ்எச் வழியா. ஓபன்எஸ்எஸ்எச்சுக்குள்ள தனியா இன்னொரு விண்டோ இருக்கு, அதுவும் 2 எம்பி. பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டர் செய்த எச்பிஎன்-எஸ்எஸ்எச்சை ரெண்டு பக்கமும் போட்டம். 700 எம்பிபிஎஸ். ஒண்டேகால் மணித்தியாலத்தில முடிஞ்சுது.

இதைப் பார்த்திட்டு எல்லாச் சேர்வரிலயும் 32 எம்பி போடாதேங்கோ. 500 கனெக்ஷன் அந்த உச்சத்துக்குப் போனால் 16 ஜிபி மெமரி. வீட்டு ரவுட்டரில கியூ பெருத்துக் கேம் லாக் ஆகிற பிரச்சினை வேற. அதுக்கு இது மருந்தில்லை.

17.5 போதுமெண்டால் ஏன் 32 எண்டு தம்பி அப்பவே கேட்டவன். வழி நீண்டால் தேவைப்படும் எண்டன். 2025 செப்டம்பரில செங்கடலில ஜெத்தாவுக்குக் கிட்டக் கேபிள்கள் அறுந்து, எங்கட பிங் 210க்குப் போச்சுது. அண்டைக்கு விடியத் தம்பியிட்ட இருந்து மெசேஜ்: "அண்ணா, பேக்கப் டைமுக்கு வந்துடுச்சு."