கல்லாப்பெட்டியும் யப்பான் காரும்

கடந்த பல மாதங்களாக எமது அங்கத்தவர்கள் கூடும் இடமெல்லாம் பருப்பு விலை, சீனி விலைக்கு அடுத்தபடியாக அடிபடுவது கார்ப் பேச்சுத்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த கடை திறந்தால் வாசலில் கூட்டம் சேராமல் இருக்குமா?

கூட்டத்தில் நம்மவர்களும் நிற்கிறார்கள். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பலரும் ஒரு தவறான பாடத்தை மனதில் வைத்துக்கொண்டே நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இறக்குமதி நின்றிருந்த காலத்தில், ஓடித் தேய்ந்த கார்கூட வாங்கிய விலைக்கு மேல் விற்றது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிய 2022ஆம் ஆண்டில் அரிசி மூட்டையை அடுக்கியவனைவிடக் காரை மூடி வைத்தவன் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினான். அது கதவு பூட்டியிருந்ததால் வந்த விலை. கப்பல் வரத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கு செல்லாது. கார் பழையபடி வருடத்துக்கு வருடம் விலை இறங்கும் பொருளாகிவிட்டது.

நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் எமது அங்கத்தவர் ஒருவர் சென்ற வருடம் கார் வாங்கப் புறப்பட்டார். பகட்டுக்காக அல்ல. வயதான தாயாரை வாரம் இருமுறை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஓட்டோவில் ஏறி இறங்க அந்த அம்மாவால் முடியவில்லை. உள்ளூரில் பழைய கார் பார்த்தால் பெரும்பாலும் 2020க்கு முந்தியது. இடைப்பட்ட வருடங்களின் கார்கள் சந்தையில் அரிது. புத்தம் புதியதற்குக் கை எட்டவில்லை. எஞ்சியது யப்பானில் இரண்டொரு வருடம் ஓடிய, ஏறக்குறைய புதிய கார். அவருடன் நாமும் நாலைந்து விற்பனை நிலையங்கள் ஏறி இறங்கினோம். அங்கே கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், நல்ல காரை யப்பான்காரர் ஏன் விற்கிறார் என்று கேட்க வேண்டும். மட்டமான பருப்பை மலிவாகத் தருகிறவனிடம் நாம் கேட்பதில்லையா, அதுபோல. இதற்கு நேர்மையான பதில் உண்டு. யப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடத்தில் முதலாவது கட்டாயப் பரிசோதனை; பின்னர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதற்குச் செலவு அதிகம். அந்த நேரம் நெருங்கும்போது பலர் காரை மாற்றிவிடுகிறார்கள். இன்னொரு வகையும் இருக்கிறது. விற்பனை இலக்கை எட்டுவதற்காக முகவர்களே கார்களைத் தங்கள் பெயரில் பதிந்துவிட்டு, ஓடாத காரைப் 'பழையது' என்று விற்பார்கள். சிறிய 660 சி.சி. கார்களில் இது சாதாரணம். ஆகவே மீற்றரில் நூறு கிலோமீற்றர் கூட இல்லாத 'பழைய' காரைக் கண்டால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. கடதாசியைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படலாம்.

அந்தக் கடதாசிதான் ஏலத்தாள். யப்பானில் இந்தக் கார்களிற் பெரும்பாலானவை ஏலத்துக்கு வருகின்றன. ஏல நிலையத்தின் பரிசோதகர் ஒவ்வொரு காரையும் பார்த்து ஒரு தாளில் புள்ளி போடுவார். 'எஸ்', 6, 5 என்றால் புதிது போன்றது. 4.5 மிக நல்லது. 4 நல்லது, சிறு கீறல்கள் இருக்கும். 3.5, 3 என்று இறங்க இறங்கக் கவனம் தேவை. 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்ட கார். தாளின் மூலையில் காரின் படம் ஒன்று விரித்து வைத்ததுபோல் வரையப்பட்டிருக்கும். அதில் 'ஏ' என்றால் கீறல், 'யூ' என்றால் நெளிவு, 'டபிள்யூ' என்றால் திருத்திப் பூசிய இடம், 'எக்ஸ்எக்ஸ்' என்றால் மாற்றப்பட்ட பகுதி. பக்கத்தில் உள்ள இலக்கம் கூடக்கூடக் குறையும் பெரிது. யப்பானிய மொழி தெரியாவிட்டாலும் இவ்வளவையும் எவரும் வாசிக்கலாம். ஆண்டு மட்டும் அவர்கள் கணக்கில் இருக்கும். ரெய்வா 5 என்றால் அதனுடன் 2018ஐக் கூட்டுங்கள்: 2023. அது பெரும்பாலும் முதற்பதிவு ஆண்டே தவிர உற்பத்தி ஆண்டல்ல. யப்பானிய அடிச்சட்ட இலக்கத்தில் உற்பத்தி ஆண்டு எழுதப்படுவதில்லை என்பதால் அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

மூன்றாவதாகப் போன நிலையத்தில் எமது அங்கத்தவருக்கு வெள்ளைக் கார் ஒன்று மனதைப் பிடித்துவிட்டது. "முதலாளி, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், நாலரைப் புள்ளி" என்று விற்பனையாளர் ஏலத்தாளின் பிரதி ஒன்றைக் கொடுத்தார். பிரதியில் அடிச்சட்ட இலக்கம் இருக்க வேண்டிய ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. பிரதி எடுக்கும்போது விழுந்திருக்கும் என்றார். முற்பணத்துக்குக் காசோலை எழுத அங்கத்தவர் பேனாவை எடுத்துவிட்டார். நாம்தான் ஒரு நாள் தவணை கேட்டோம். காரில் அடித்திருந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு ஏலப் பதிவைத் தேடித்தரும் சேவை ஒன்றில் விசாரித்தோம். வந்த தாளில் புள்ளி 'ஆர்'. முன்பகுதி முழுவதும் 'எக்ஸ்எக்ஸ்'. காசோலை கிழிக்கப்பட்டது.

அன்றிலிருந்து நாம் சொல்வது: விற்பவர் தரும் தாளை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள், நம்புவதற்கு நீங்களாகவே ஒன்றை எடுங்கள். நம்பிக்கையான பாஸ் ஒருவரைக் கூட்டிச்சென்று காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். யப்பானின் வடக்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய கார் மேலே பளபளக்கும், கீழே துருப்பிடித்திருக்கும். ரயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 1523 என்றால் 2023ஆம் ஆண்டின் 15ஆம் வாரம். எண்ணாயிரம் கிலோமீற்றர் ஓடிய காருக்கு நான்கு ரயரும் ஏன் மாற்றப்பட்டன என்று கேட்பது நியாயமான கேள்வி. ஹைபிரிட் என்றால் பற்றரியைக் கணினி கொண்டு சோதிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். யப்பானில் கொடுத்த உத்தரவாதம் கடல் தாண்டி வராது என்பதும் நினைவில் இருக்கட்டும். வானொலியைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே எப்.எம். அலைவரிசை 76இல் தொடங்கி 95இல் முடிகிறது. நமது நிலையங்களில் பாதி கேட்காது. சிறு கருவி ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. உற்பத்தித் தீர்வை இயந்திரத்தின் சி.சி.யைக் கொண்டும், மின்சாரக் காருக்குக் கிலோவாற்றைக் கொண்டும் கணக்கிடப்படுகிறது. அதன்மேல் 2024 முதல் நூற்றுக்கு 18 பெறுமதி சேர் வரி. யப்பானில் விலை சற்றுக் குறைந்தாலும் இங்கே அவ்வளவு குறையாததற்கு இதுவே காரணம். 'கொஞ்சம் பெரிய எஞ்சின்' என்ற ஆசைதான் விலையைத் தூக்குகிறது. வயது வரம்பும் வரி விகிதமும் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுவதால், கப்பலில் இருக்கும் காருக்கு முற்பணம் கொடுப்பவர்கள் வரி கூடினால் யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இனிக் கல்லாப்பெட்டிக்கு வருவோம். கணக்குக்காகக் காரின் விலை ஒரு கோடி, அதில் பாதி கைக்காசு, பாதி லீசிங் என்று வைப்போம். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 14 என்றால், 50 இலட்சத்துக்கு ஐந்து வருடத்தில் மாதத் தவணை சுமார் 1 இலட்சத்து 16 ஆயிரம். வட்டி மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம். இதை எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்காதது மற்றப் பாதியை. கடையிலிருந்து எடுக்கும் 50 இலட்சம் மாதம் இருமுறை புரள்கிற பணமாக இருந்தால், ஒரு புரளலுக்கு நூற்றுக்கு மூன்று நின்றாலும் மாதம் 3 இலட்சம். கடைச் செலவு கழிக்காத கணக்குத்தான். அதில் பாதியைக் கழித்தாலும் லீசிங் தவணையைவிடக் கூடுதலாகவே மாதாமாதம் போகிறது. லீசிங் நிறுவனம் கடிதம் போடும். புரளாத பணம் கடிதம் போடாது. அரிசிக்காரருக்குக் கொடுத்த காசோலை வங்கியில் திரும்பும்போதுதான் தெரியவரும்.

அதே பணம் வட்டிக்கோ நகையிலோ சும்மா கிடந்ததென்றால் கதை வேறு. எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கிறோம் என்பதே கேள்வி.

எமது அங்கத்தவர் இந்தக் கணக்கை ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு நத்தார் வியாபாரம் முடியும்வரை பொறுத்தார். மூன்று வருடமாக இழுபட்ட கடன் பாக்கிகளை ஊர் ஊராகப் போய் வசூலித்தார். கடை முதலில் கை வைக்காமல், முதலில் பார்த்ததைவிடச் சிறிய 660 சி.சி. கார் ஒன்றை எடுத்தார். ஏலத்தாளில் புள்ளி 4. இடது பின்கதவில் 'ஏ2' என்று குறித்திருந்தது. போய்ப் பார்த்தபோது அந்தக் கதவில் அதே இடத்தில் அந்தக் கீறல் இருந்தது. விற்பனையாளர் பூசித் தருகிறேன் என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். இருக்கை உயரமாக இருப்பதால் ஏறுவதற்கு வசதி என்று அம்மா சொல்கிறாராம்.